எட்டு வரி, ஒரே பெயர்

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மதுவந்தி என் மேசைக்கே வந்து நின்றாள். கம்பெனியை நடத்துகிறவள் அவள்தான். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். யார் மேசைக்கும் தானாக வருகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"பாஸ்கர், பாலத்துல மூணாவது வரி எது?"

"தெரியாது."

"அஞ்சாவது?"

"தெரியாது."

"நீங்கதானே எழுதினது?"

"அதனாலதான் தெரியாதுன்னு உறுதியாச் சொல்றேன். வேற யார்கிட்டயாவது கேட்டிருந்தா எதையாவது உளறியிருப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச வருஷமாகவே எனக்கு எதுவும் பெரிதாக வருவதில்லை.

சரவணம்பட்டியில் இருக்கும் எங்கள் கம்பெனி ஒரே ஒரு பொருள்தான் செய்கிறது. முதுகுத்தண்டு அறுந்துபோனவர்களுக்கு, அறுந்த இடத்தைத் தாண்டிச் சேதிகளைக் கொண்டுபோகிற ஒரு சில்லு. கம்ப்யூட்டருக்குள் நெட்வொர்க் கார்டு என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதே வேலைதான். காலிலிருந்து வருவதை மூளைக்கு அனுப்பும், மூளையிலிருந்து வருவதைக் காலுக்கு அனுப்பும். பாலம் என்று பெயர். சக்கர நாற்காலியில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள், டிவியில் வந்து அழுதார்கள். முதல் இரண்டு பேருக்கு நானும் அழுதேன். அப்புறம் பழகிவிட்டது.

அந்தச் சில்லை இயக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதியவன் நான். காலில் ஏதாவது நடந்தால், சில்லு வேறு எந்த வேலையில் இருந்தாலும் அதை நிறுத்தி "இங்கே பார்" என்று கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிடுவதுதான் இன்டரப்ட். பாலத்தில் எட்டு இன்டரப்ட். தொடுவதற்கு ஒன்று, வலிக்கு ஒன்று, சூடு குளிருக்கு ஒன்று, இப்படி எட்டு. ஒவ்வொன்றையும் பதிவு செய்யும்போது ஒரு பெயர் கொடுக்க வேண்டும். மனுஷன் படித்துப் புரிந்துகொள்ளத்தான் அந்தப் பெயர். இயந்திரத்துக்கு அது தேவையே இல்லை, என்ன பெயர் வைத்தாலும் ஓடும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், மறுநாள் காலையில் பெரிய மனிதர்களுக்கு ஓட்டிக் காட்ட வேண்டிய அவசரம். எட்டையும் ஒரே மூச்சில் பதிவு செய்து, எட்டுக்கும் "பாலம்" என்றே பெயர் வைத்தேன். அப்புறம் மாற்ற வேண்டும் என்று பக்கத்தில் குறிப்பும் எழுதினேன். எங்கள் தொழிலில் அப்புறம் என்று ஒரு நாள் வந்ததே இல்லை.

எந்த எண்ணுக்கு எந்த உணர்ச்சி என்ற தாள், சில்லு செய்துகொடுத்த ஆட்களிடம் இருந்தது. அவர்கள் கடையைச் சாத்திக்கொண்டு போய் ஏழு வருஷம் ஆகிறது.

ஏதாவது ஒரு வயர் கெட்டுப்போனால் அது சும்மா சும்மா கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். சில்லுக்கு வேறு எதையும் பார்க்க நேரம் இருக்காது. நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடி எடுத்துவைக்க முடியாமல் அப்படியே நின்றுவிடுவார். உடனே எங்கள் உதவி மையத்துக்குப் போன் வரும். அங்கே இருப்பவர்கள் இருந்த இடத்திலிருந்தே பட்டியலைத் திறப்பார்கள். எட்டு வரி. எட்டிலும் பாலம், பாலம், பாலம். பக்கத்தில் எத்தனை முறை கூப்பிட்டது என்ற எண். எந்த எண் வேகமாக ஓடுகிறதோ அந்த வரியை மூடு, ஆள் நடப்பார். இதுதான் விதி. கையேட்டில் அந்த ஒரு வரியை எழுதியவனும் நான்தான்.

உடம்பில் அதிகமாகக் கத்துவது புண் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நாற்பது இன்ஜினீயர்கள் இருந்தோம்.

மதுவந்தி போனை ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் டாக்டர் அருளானந்தம், எங்கள் ஆட்களின் கால்களைப் பார்க்கிறவர்.

"பூங்கோதைன்னு ஒரு பேஷண்ட். முப்பத்துமூணு வயசு. அன்னூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லுல வேலை. வலது உள்ளங்கால்ல ஆணி குத்தியிருக்கு. குத்தி நாப்பது நாள் ஆச்சு. அதோடயே தினம் வேலைக்கு நடந்திருக்காங்க. ஏன்னா வலிக்கவே இல்ல. நேத்து வாடை வருதுன்னு வந்தாங்க."

"எவ்வளவு ஆழம்?" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

"எலும்பு தெரியுது. மருந்து போட்டாச்சு. ஆனா மருந்து மட்டும் காப்பாத்தாது, பாஸ்கர். வலிச்சாத்தான் அந்தக் காலை ஊணாம வெப்பாங்க. வலி தெரியலைன்னா என்னதான் சொன்னாலும் மறந்துபோய் ஊணிடுவாங்க. வலியைத் திறந்துவிடுங்க. இல்லேன்னா கணுக்காலுக்கு மேல எடுக்கற மாதிரி ஆயிடும்."

அந்த அம்மாளுக்கு ஒரு வருஷத்தில் மூன்று வரிகளை எங்கள் ஆட்கள் மூடியிருந்தார்கள். மூன்று, ஐந்து, ஆறு. மூன்றையும் ஒரேயடியாகத் திறந்தால், அதில் நிஜமாகவே கெட்ட வயர் ஒன்று இருந்தால், பாலமே உறைந்துவிடும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு முன் திறந்திருக்கிற ஐந்தும் எவை என்று தெரிய வேண்டும். இதை லேப்பில் செய்ய முடியாது. எங்கள் லேப்பில் எல்லாம் இருக்கிறது, கால் மட்டும் இல்லை.

மறுநாள் காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அன்னூர் போனேன்.

பூங்கோதை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது காலில் பெரிய கட்டு. வீட்டுக்காரர் டூட்டிக்குப் போயிருந்தார். நான் போனதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரும்மா, உக்காரு. கால ஊணாதே."

"மறந்துபோகுதுங்ணா. வலிச்சாத்தானுங்களே ஞாவகம் வரும்."

டாக்டர் சொன்னதை அவளும் சொன்னாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

என்ன செய்யப்போகிறேன் என்று விளக்கினேன். எட்டு வரி, எட்டுக்கும் ஒரே பெயர், எது எதுவென்று தெரியாமலேயே மூடியிருக்கிறோம் என்று. 

"எங்க மில்லுல ஒவ்வொரு மிசினுக்கும் மேல ஒரு லைட்டு இருக்குமுங்ணா. நூல் அறுந்துச்சுன்னா எரியும். எந்த மிசினோ அதும்பட நம்பர் லைட்டுலயே எழுதியிருக்கும். நம்பரே எழுதாம மொத்தமா லைட்டை மட்டும் மாட்டிவெச்ச மாதிரிங்களா இது?"

"ஆமா."

"எழுதறதுக்கு எத்தன நேரம் ஆகுமுங்?"

"எட்டு வார்த்தைதான். அஞ்சு நிமிஷம்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதினோரு வருஷத்தில் அந்த ஐந்து நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை என்பதை எந்த வாயால் சொல்வது?

வேலையைத் தொடங்கினோம். டாக்டர் எட்டு உணர்ச்சிகளையும் வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தார். நல்ல காலில் சீப்பால் மெதுவாகத் தடவினேன். ஒன்றாவது எண் ஓடியது. "தொடுதல்" என்று அடித்தேன். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் வாங்கி வைத்தோம், இரண்டாவது ஓடியது. அப்புறம் வெந்நீர் டம்ளரை வைத்தோம். அதற்கும் அதே இரண்டு. விரலை மடக்கி நீட்டினேன், நான்கு. பாதத்தை அழுத்திப் பிடித்தேன், ஏழு. கெண்டைச் சதையை இறுக்கச் சொன்னேன், எட்டு. ஐந்து பெயர் ஆயிற்று. மிச்சம் இருந்தவை மூன்று: மூத்திரம், அரிப்பு, வலி. மூடிய வரிகளும் மூன்று.

மூன்றாவதைத் திறந்தேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது. "ஒரு நிமிசமுங்ணா," என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி பாத்ரூமுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

"ஒரு வருசமா கடியாரத்தப் பாத்துப் பாத்துத்தானுங்க போய்ட்டிருந்தேன். அந்த உணர்ச்சியெல்லாம் பஸ்ஸுல அடிபட்டதோட போச்சுன்னு நெனச்சுட்டேன்."

மில் பஸ் கவிழ்ந்துதான் அவள் முதுகு போனது. அதனால் பாலத்தை மில்லே வாங்கிப் பொருத்தியது. அந்த மில்லில் எட்டு மணி நேரத்துக்கு இரண்டு தடவைதான் வெளியே விடுவார்கள். அடக்கி அடக்கி அந்த வரி கத்தியிருக்கிறது. எங்கள் ஆட்கள் மூடிவிட்டார்கள்.

ஐந்தாவதைத் திறந்ததும் இரண்டு கால்களும் வெட்டி வெட்டி இழுத்தன. உடனே மூடினேன். அதுதான் நிஜமான கெட்ட வயர். மூடிய மூன்றில் ஒன்றுதான் சரி. நூற்றுக்கு முப்பத்துமூன்று மார்க். எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஃபெயில்.

"இப்ப திறக்கப்போறது வலியாத்தான் இருக்கணும்," என்றேன். "பல்லைக் கடிச்சுக்கோ."

"தொறங்க."

திறந்தேன். அவள் "அம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. வலது கால் தானாகவே தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதற்கு அவள் முகத்தைவிட அது சுலபமாக இருந்தது.

ஐந்தாறு நிமிஷம் கழித்துத்தான் பேச்சு வந்தது. "இது இத்தன நாளா இருந்துச்சுங்களா?"

"நாப்பது நாளா."

"அப்ப மூடியிருந்தப்பவும் கூப்பிட்டுட்டேதான் இருந்துச்சுங்களா?"

"மூடுனாலும் எண்ணிக்கை ஓடிட்டேதான் இருக்கும்மா. கேட்கறதுக்குத்தான் ஆள் இருக்காது." எண்ணைச் சொன்னேன். நாற்பத்தொரு லட்சம்.

அவள் தன் காலைப் பார்த்தாள். "பாவம்," என்றாள், வேறு யாருடைய காலையோ சொல்வதுபோல.

ஆபீஸுக்குத் திரும்பி எட்டுப் பெயரையும் எழுதினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான்காயிரத்து அறுநூறு பேரின் முதுகுக்கும் அந்த வாரமே புதுப்பதிப்பு போனது. உதவி மையம் மற்றவர்களின் மூடிய வரிகளைத் தேடித்தேடித் திறந்தது. பதினேழு பேருக்குத் தெரியாத புண் இருந்தது தெரிந்தது. கூட்டத்தில் மதுவந்தி என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்ய?

பூங்கோதையின் ஆறாவது வரியைத் தினம் பார்த்தேன். முதல் வாரம் நாளுக்கு ஒரு லட்சம். அப்புறம் அறுபதாயிரம், முப்பதாயிரம். நான்காவது வாரம் எட்டாயிரத்துக்கு இறங்கியது. புண் சுருங்குகிறது என்றார் டாக்டர். காலை எடுக்கிற பேச்சே அப்புறம் வரவில்லை. இன்னும் இரண்டு மாதம் ஊன்றாமல் இருந்தால் போதும் என்றார். எனக்கு உள்ளே ஏதோ ஒன்று அசைந்தது. சந்தோஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது வாரம் மில்லிலிருந்து மதுவந்திக்குப் போன் வந்தது. அங்கே ஏழு பேருக்குப் பாலம் போட்டிருந்தார்கள். மேனேஜர் ரொம்ப மரியாதையாகப் பேசினாராம். புதுப்பதிப்பு பிரமாதம், இப்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது, வலி என்றே தனியாகப் போட்டிருக்கிறீர்கள், அதை மட்டும் ஷிஃப்ட் நேரத்தில் மூடிவைக்க வழி இருக்கிறதா?

முன்பும் அவர்களுக்கு அந்த ஆசை இருந்திருக்கும். எதை மூடச் சொல்வது என்றுதான் தெரியாமல் இருந்திருக்கும். பெயரை எழுதிக் கொடுத்தவன் நான்.

"முடியாதுன்னு சொல்லு," என்றேன்.

"சொல்லலாம். ஆனா பாலம் அவங்க வாங்கினது, பாஸ்கர். பல் பிடுங்க மரத்துப்போக ஊசி போடறதில்லையா, அந்த மாதிரிதானேங்கறாங்க. நம்ம வக்கீலும் தப்பில்லைங்கறார்."

"அப்படின்னா மில் கையில கொடுக்காதே. மூடறதுன்னாலும் திறக்கறதுன்னாலும் அந்த ஆளோட கட்டைவிரல் போன்ல பட்டாத்தான் ஆகணும். மேனேஜர், டாக்டர், நீ, நான், யாராலயும் தொட முடியக் கூடாது."

அந்தப் பூட்டை நானே எழுதினேன். மூன்று நாள் உட்கார்ந்து, ஒரு ஓட்டை இல்லாமல் எழுதினேன். அந்தப் பதினோரு வருஷத்தில் நான் பெருமைப்பட்ட வேலை அது ஒன்றுதான்.

அடுத்த திங்கள் காலை பதிவேட்டில் பார்த்தேன். ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிஷம்: வலி மூடப்பட்டது. விரல் பூங்கோதையுடையது. இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. மூன்று ஆனது, ஐந்து ஆனது. திறக்கவில்லை. அவளுக்குப் போன் போட்டேன்.

"வேலைக்குப் போயிட்டியா? டாக்டர் ரெண்டு மாசம்னு சொன்னாரே!"

"லீவு முடிஞ்சுதுங்ணா. நிக்க முடியலைன்னா சொல்லு, பாலத்தக் கழட்டி வேற ஆளுக்குப் போட்டுக்கறோம்னுட்டாங்க. மறுபடியும் அந்த நாக்காலிக்கு நான் போக மாட்டனுங்ணா. கால் போனாலும் சரி."

"சரி, ஷிஃப்டுல மூடிக்கிட்ட. வீட்டுக்கு வந்ததும் திறக்கலாம் இல்ல? ராத்திரியாவது காலைத் தூக்கி வெப்பே."

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "தொறந்தா அப்பறம் வெடியால மூடறதுக்கு மனசு வரமாட்டேங்குதுங்ணா. அது அழுகற கொழந்தைய ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போற மாதிரி இருக்குது. ஒரேயடியா மூடியே கெடந்தா ஒண்ணும் தெரியறதில்ல."

"பூங்கோதை, ரெண்டு நாளைக்கு ஒரு தடவையாவது திறந்து பாரு. தயவுசெஞ்சு."

"பாக்கறனுங்ணா. நீங்க சொன்னா பாக்காம இருப்பனா?"

பார்க்கவில்லை. பட்டியல் என் திரையில் இருந்தது. ஆறு, வலி, மூடியிருக்கிறது. இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு எனக்குத் தெரியாது என்று யாரிடமும் சொல்ல முடியாது. எண் ஏறியது. இருபதாயிரம், நாற்பத்தைந்தாயிரம், தொண்ணூறாயிரம். திறந்துவிடலாம் என்று நானே உட்கார்ந்தேன். என் பூட்டு என்னையே உள்ளே விடவில்லை. உடைத்தாலும், இரண்டு மிஷினுக்கு நடுவில் அவள் நடந்துகொண்டிருக்கும்போது அந்த வலி ஒரேயடியாக வந்தால் எதன் மேல் விழுவாள்? டாக்டரிடம் சொன்னேன். அவர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாளாம். ஞாயிறும் மில் ஓடியது. நானே சனிக்கிழமை போய் மில் கேட்டில் ஒரு மணி நேரம் நின்றேன். ஷிஃப்ட் நேரத்தில் யாரையும் பார்க்க விடமாட்டோம் என்றான் வாட்ச்மேன். சரி என்று திரும்பிவிட்டேன். கத்தியிருக்க வேண்டும். எனக்குக் கத்த வரவில்லை.

ஒரு லட்சத்து இருபதாயிரம் வரை போன எண், செவ்வாய்க்கிழமை முப்பதாயிரத்துக்கு இறங்கியது. புதன்கிழமை நான்காயிரம். வியாழன் காலை பத்தரைக்குப் பட்டியலைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. பூஜ்யம்.

அப்பாடா என்று இருந்தது. நிஜமாகவே சொல்கிறேன், நாற்காலியில் சாய்ந்துகொண்டு அப்பாடா என்றேன். இருபது வருஷமாக என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்: சத்தம் போடாத வரி நல்ல வரி. மதுவந்தியிடம் போய், "பூங்கோதைக்கு ஆறிடுச்சு போல," என்றேன். அவள் டாக்டருக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

நான் எண்களைச் சொல்லிக்கொண்டே போனேன். 

"போன தடவை ஆறினப்ப எட்டாயிரத்துக்கு வர நாலு வாரம் ஆச்சு, ஞாபகம் இருக்கா?" என்றார் கடைசியில். "ரெண்டே நாள்ல பூஜ்யம்னா ஆறல, பாஸ்கர். கூப்பிடறதுக்கு அங்க உசிரோட நரம்பு ஒண்ணும் மிச்சம் இல்ல. தொடுதல் வரி என்னன்னு பாருங்க, வலது காலுக்கு."

பார்த்தேன். வலது காலை மட்டும் பிரித்துப் போட்டால் அதுவும் பூஜ்யம்.

"உடனே கூப்பிடுங்க. நடக்க வேண்டாம்னு சொல்லுங்க. நான் ஆம்புலன்ஸ் அனுப்பறேன்."

மில்லுக்குள் போன் எடுக்க விடமாட்டார்கள். பதினொன்றே காலுக்கு டீ விடுவார்கள் என்பதால் அதுவரை போட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் மிஷின்களின் இரைச்சல். அவள் குரலில் இத்தனை மாதத்தில் நான் கேட்டிராத ஒரு துள்ளல் இருந்தது.

"அண்ணா! நானே கூப்பிடோணும்னு நெனச்சனுங்க. நீங்க சொல்லிட்டே இருந்தீங்கல்ல, இன்னைக்கு வெடியால தொறந்துட்டனுங்ணா. பயந்துட்டே தொறந்தேன். ஒண்ணுமே வலிக்கலைங்ணா! துளிகூட இல்ல. அப்பறம் மூடவே இல்ல, தொறந்தேதான் வெச்சிருக்கேன். வேணும்னா பாருங்க."

திரையைப் பார்த்தேன். ஆறு. வலி. திறந்திருக்கிறது. பூஜ்யம்.

"பூங்கோதை, எங்க இருக்கே? உடனே உக்காரு. நிக்காதே."

"எதுக்குங்ணா உக்காரணும்?" என்று சிரித்தாள். "இன்னைக்குத்தானுங்க நல்லா நடக்கறேன்."